அம்பருக்குள் ஓர் எட்டிப் பூ

அந்தப் பூவின் நீளம் சுமார் ஒரு சென்டிமீட்டர். ஒல்லியான குழல், குழலின் வாயில் விரிந்த ஐந்து சிறு இதழ்கள். கிளையிலிருந்து உதிர்ந்து விழுந்த கோலத்திலேயே, தேன் நிற அம்பர் கட்டி ஒன்றுக்குள் அது மாட்டிக்கொண்டிருக்கிறது. மரத்தடியில் கிடக்கும் பூ மறுநாள் வாடும், சில நாளில் மண்ணோடு மண்ணாகும். இது குறைந்தது ஒன்றரைக் கோடி ஆண்டுகளாகக் குலையாமல் இருக்கிறது. கிடைத்த இடம், கரீபியன் கடலில் ஹிஸ்பனியோலா தீவின் கிழக்குப் பகுதியில் உள்ள டொமினிகன் குடியரசு. 2016 பிப்ரவரியில் ‘நேச்சர் பிளான்ட்ஸ்’ ஆய்விதழில் இதற்குப் பெயர் வைத்தார்கள்: ஸ்டிரிக்னோஸ் எலெக்ட்ரி.

பெயரின் முதல் பாதி தமிழ்நாட்டுக்குப் பழக்கமான ஒரு மரக்கூட்டத்தைச் சேர்ந்தது. நம் காடுகளில் ஆரஞ்சு நிறத்தில் பழுத்துத் தொங்கியும் மனிதர் யாரும் வாயில் வைக்காத எட்டி, ஸ்டிரிக்னோஸ் பேரினம்தான். எட்டி பழுத்தால் யாருக்கு என்ன பயன் என்று பழமொழி கேட்பது அதன் விதையில் உள்ள நஞ்சை மனதில் வைத்துத்தான். தேற்றான் மரமும் அதே பேரினம். கலங்கல் தண்ணீர் நிரப்பும் பானையின் உட்புறத்தில் தேற்றான்கொட்டையைத் தேய்த்துவிட்டால், சிறிது நேரத்தில் மண் அடியில் படிந்து மேலே தெளிந்த நீர் நிற்கும். விதையில் உள்ள புரதமும் பல்சர்க்கரைப் பொருள்களும் நீரில் மிதக்கும் மண் துகள்களை ஒன்றோடொன்று பிணைத்துக் கனமாக்கிவிடுவதால் அவை கீழே இறங்குகின்றன. இந்த வழக்கம் கலித்தொகையிலேயே உவமையாக வருகிறது. ஆளைக் கொல்லும் கொட்டை ஒன்று, குடிநீரைத் தெளிய வைக்கும் கொட்டை ஒன்று; இரண்டும் மிக நெருங்கிய உறவு.

இந்தப் பேரினத்தில் சுமார் 200 சிற்றினங்கள் இருக்கின்றன. ஆசியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா என வெப்ப மண்டலம் முழுக்கப் பரவியிருக்கின்றன. மரமாகவும் புதராகவும் காட்டு உச்சிவரை ஏறும் பெருங்கொடியாகவும் வளர்கின்றன. எட்டி விதையில் உள்ள ஸ்டிரிக்னைனை முதலில் தனியாகப் பிரித்தெடுத்தவர்கள் பெல்லெத்தியே, காவந்தூ என்ற இரு பிரெஞ்சு வேதியியலாளர்கள், ஆண்டு 1818. தண்டுவடத்தில் தசைகளுக்குப் போகும் நரம்புக் கட்டளைகளை அடக்கி வைக்கக் கிளைசின் என்ற பொருள் வேலை செய்கிறது. ஸ்டிரிக்னைன் அந்தக் கிளைசினின் வழியை அடைத்துவிடுகிறது. அடக்க ஆளில்லாமல் எல்லாத் தசைகளும் ஒரே நேரத்தில் இறுகுகின்றன, உடல் வில்லாக வளைகிறது. தென் அமெரிக்கக் காடுகளில் இதற்கு நேர் எதிரான கதை. அங்கே ஸ்டிரிக்னோஸ் கொடிகளின் பட்டையைக் காய்ச்சி வேட்டைக்காரர்கள் அம்பு முனையில் பூசிய ‘குராரே’, நரம்பின் கட்டளை தசையைச் சென்றடையாமல் தடுக்கிறது. அடிபட்ட விலங்கின் தசைகள் துவண்டு, மூச்சு நிற்கிறது. ஒரே பேரினம், ஒரு கண்டத்தில் இறுக்கிக் கொல்கிறது, இன்னொன்றில் தளர்த்திக் கொல்கிறது.

அதனால்தான் 2016-ல் செய்தி வந்தபோது, ‘கோடிக்கணக்கான ஆண்டுகள் பழைய நச்சுப் பூ’ என்றே பல இடங்களில் தலைப்பு போட்டார்கள். ஆனால் இந்தப் பூவில் நஞ்சு இருந்ததா என்று யாரும் சோதித்துச் சொல்லவில்லை. பேரினத்தின் பழக்கத்தை வைத்து ஊகிக்கலாம், அவ்வளவுதான். தேற்றானைப் போல அடக்கமான உறவினரும் அதே கூட்டத்தில் இருப்பதை மறக்கக் கூடாது. இந்தப் பூவில் உண்மையிலேயே வியக்க வேண்டியது வேறு. இலையும் இல்லாமல் பழமும் இல்லாமல், உதிர்ந்த இந்தப் பூவையும் இதே போல அம்பரில் கிடைத்த இன்னொரு பூவையும் மட்டும் வைத்துக்கொண்டு, ‘இது எட்டியின் இனம், ஆனால் இன்று உயிரோடு இருக்கும் எந்த எட்டியும் இல்லை’ என்று எப்படிச் சொல்ல முடிந்தது?

அதற்கு முதலில் பூ பிசினுக்குள் போன கதையைப் பார்க்க வேண்டும்.

கருவேல மரத்தில் வழியும் பிசின் சர்க்கரை வகை. தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். குங்கிலியம் போன்றவை வேறு வகை. அவற்றின் ஆதாரம் டெர்பீன் என்ற எண்ணெய்த் தன்மை கொண்ட சேர்மங்கள்; நீரில் கரையாது, பூச்சியும் பூஞ்சையும் எளிதில் நெருங்காது. அம்பர் ஆவது இந்த இரண்டாம் வகை மட்டுமே. மரத்தில் காயம் பட்ட இடத்தில் ஊறி வழியும்போது எறும்பு, கொசு, சிலந்தி, இலைத்துணுக்கு என்று வழியில் அகப்பட்டதையெல்லாம் மூடிவிடுகிறது. உள்ளே போன பொருளின் ஈரத்தை உறிஞ்சுகிறது, அழுகச் செய்யும் நுண்ணுயிர்களைத் தடுக்கிறது, காற்றையும் அண்டவிடுவதில்லை. பிறகு மண்ணில் புதைந்து, லட்சக்கணக்கான ஆண்டுகளில் அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக் கெட்டிப்படும்போது அம்பராகிறது. பாதி வழியில் இருப்பதற்குக் கோபால் என்று பெயர்.

டொமினிகன் அம்பரைச் சுரந்த மரமும் இன்று இல்லை. ஹைமனேயா புரோட்டேரா என்ற அந்த மரத்தை, அம்பருக்குள் அகப்பட்டிருந்த அதன் சொந்த இலைகளையும் பூப்பாகங்களையும் கொண்டு 1991-ல் விவரித்தவர் ஜார்ஜ் பொய்னார். தன் பிசினே தன் உடலைப் பாதுகாத்து வைத்த மரம் அது. அவரை இனத்தில், நம் புளிய மரம் சேர்ந்திருக்கும் அதே துணைக்குடும்பம். அதில் இன்னொரு விந்தையும் உண்டு. அமெரிக்கக் கண்டத்தில் இன்று பல ஹைமனேயா மரங்கள் இருந்தும், அழிந்துபோன இந்த மரம் அவற்றைவிடக் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் வளரும் ஹைமனேயா வெருகோசாவுக்குத்தான் நெருக்கமாக இருக்கிறது.

ஆக, எட்டிப் பூ உதிர்ந்தது ஒரு புளியின் பங்காளி மரத்தின் பிசினில். உயரமான மரங்கள், அவற்றில் ஏறிய கொடிகள், இடையிடையே பனையினங்கள் என்று அடர்ந்த ஈர வெப்பக் காடு அது. அம்பருக்குள் கிடைத்த ஆயிரக்கணக்கான பூச்சிகளும் இலைகளும் அந்தக் காட்டை ஏறக்குறைய முழுதாகவே எழுப்பித் தருகின்றன.

அந்த அம்பர் இன்று வெளியே வருவது தீவின் வடக்கு மலைத்தொடரில், புவேர்ட்டோ பிளாட்டா, சாந்தியாகோ நகரங்களுக்கு இடைப்பட்ட சுரங்கங்களிலிருந்து. சுரங்கம் என்றால் பெரிய இயந்திரங்களை நினைக்க வேண்டாம். மலைச்சரிவில் ஆள் குனிந்தும் தவழ்ந்தும் போகும் அளவுக்குத்தான் குடைவு. உளியும் கடப்பாரையும் கையுமாகத் தோண்டுகிறார்கள். மழைக்காலத்தில் மண் சரியும் அபாயம் எப்போதும் உண்டு. வெளியே எடுக்கும்போது கட்டியின் மேல் மங்கலான தோல் இருக்கும். ஒரு பக்கத்தைத் தேய்த்து மெருகேற்றிய பிறகுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். பெரும்பாலானவை நகைக்கடைக்குப் போகின்றன. பூச்சி உள்ள கட்டிக்கு நல்ல விலை. பூ உள்ள கட்டி அபூர்வம்.

வயதைக் கணிப்பது எளிதாக இல்லை. கார்பன் காலக்கணிப்பு 50,000 ஆண்டுகளைத் தாண்டினால் உதவாது. அம்பர் கிடைக்கும் பாறை, பிசின் வழிந்த காட்டின் தரையும் அல்ல; ஆறுகள் அடித்துச் சென்று கரையோரக் கழிமுகங்களில் சேர்த்த வண்டல். எனவே அந்த வண்டலில் உள்ள நுண்ணிய கடல் உயிர்களின் ஓடுகளைக் கொண்டுதான் காலம் சொல்ல வேண்டியிருக்கிறது. 1996-ல் இத்துரால்டே-வினென்ட், மெக்ஃபீ என்ற இரு ஆய்வாளர்கள் ‘சயன்ஸ்’ இதழில் 1.5 கோடியிலிருந்து 2 கோடி ஆண்டுகள் என்று கணித்தார்கள். வேறு வகை நுண்ணுயிர் ஓடுகளை ஆதாரமாகக் கொண்டவர்கள் 3 முதல் 4.5 கோடி ஆண்டுகள் என்றார்கள். ஸ்டிரிக்னோஸ் எலெக்ட்ரியைப் பற்றிய கட்டுரை இரண்டு கருத்தையும் உள்ளடக்கி 1.5 முதல் 4.5 கோடி என்று அகலமான எல்லையைக் கொடுக்கிறது. செய்திகளில் ஒரே ஓர் எண்ணைக் கண்டால், அதைப் பூவின் பிறந்த நாளாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

ஹைமனேயா புரோட்டேராவை விவரித்த அதே பொய்னார் பூச்சியியல் அறிஞர். ஓரெகான் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். 1986-ல் டொமினிகன் குடியரசிலிருந்து அவர் கொண்டுவந்த சுமார் 500 அம்பர் கட்டிகளில் பெரும்பாலானவற்றில் இருந்தவை பூச்சிகள். அவருடைய கவனம் இயல்பாகவே அவற்றின் பக்கம் போனது. இரண்டு பூக்களும் காத்திருந்தன. பல பத்தாண்டுகள் கழித்து, 2015-ல், அவற்றின் தெளிவான புகைப்படங்களை ரட்கர்ஸ் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் லீனா ஸ்ட்ருவேக்கு அனுப்பினார். எட்டி சேர்ந்திருக்கும் லொகேனியேசி குடும்பத்திலும் அதன் சுற்றத்திலும் தேர்ந்தவர் ஸ்ட்ருவே.

கதையின் நடுப்புள்ளி இதுதான். இதில்தான் பரபரப்பும் குறைவு. ஸ்ட்ருவே சுரங்கத்துக்குப் போகவில்லை. ஹெர்பேரியத்துக்குப் போனார். ஹெர்பேரியம் என்பது உலர்ந்த செடிகளின் காப்பகம். கிளையைப் பூவோடும் இலையோடும் அழுத்திக் காயவைத்து, தடித்த தாளில் ஒட்டி, எந்த ஊரில் எந்த நாளில் யார் பறித்தார் என்று மூலையில் சீட்டு ஒட்டி அடுக்கி வைத்திருப்பார்கள். அமெரிக்கக் கண்டத்தில் அறியப்பட்டுள்ள ஸ்டிரிக்னோஸ் இனம் ஒவ்வொன்றின் பூவையும் அவர் எடுத்துப் பார்த்தார், அளந்தார், படம் பிடித்தார், பொய்னார் அனுப்பிய படத்தோடு ஒப்பிட்டார். குழல் எவ்வளவு நீளம்? இதழ் எந்த வடிவம்? இதழில் மயிர் இருக்கிறதா, இருந்தால் எந்த இடத்தில், எந்த மாதிரி? இன்று காட்டில் பறித்த ஒரு பூவை இனம் காண எந்தக் கேள்விகளைக் கேட்பார்களோ, அதே கேள்விகள்.

அம்பர் மட்டும் கொடுக்கும் வரம் அது. வண்டலில் பதிந்த பூ, நசுங்கிய நிழல் மாதிரிதான் மிஞ்சும். இதழின் உட்புற மயிரை அதில் தேட முடியாது. அம்பரில் பூ முப்பரிமாணத்தில், உள்ளும் புறமும் நிற்கிறது. எனவே 2 கோடி ஆண்டுப் பூவையும் 20 ஆண்டுக்கு முன் பறித்து உலர்த்திய பூவையும் நுண்ணோக்கியின் கீழ் ஒரே அளவுகோலால் அளக்க முடிகிறது. உலர்ந்த பூவைச் சற்றே கொதிநீரில் இட்டால் இதழ்கள் இளகி விரிந்துகொடுக்கும். அம்பர் பூவுக்கு அந்த வசதி இல்லை. கட்டியைத் திருப்பித் திருப்பி, ஒளியை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டியதுதான்.

ஒப்பிட்டதில் பேரினம் பொருந்தியது. சிற்றினம் எதனோடும் பொருந்தவில்லை. புதிய பெயர் பிறந்தது.

ஹெர்பேரியங்களுக்கு நிதியும் இடமும் ஒதுக்குவதில் உலகம் முழுக்கக் கஞ்சத்தனம் உண்டு. பழைய காகிதக் கட்டுகள் என்று நினைப்பவர்களும் உண்டு. ஆனால் தாள்களில் ஒட்டிய அந்த ஸ்டிரிக்னோஸ் கிளைகள் இல்லையென்றால், அம்பரில் இருந்தது ‘ஏதோ ஒரு குழல் பூ’ என்ற அளவிலேயே நின்றிருக்கும். அவற்றைப் பறித்து ஒட்டியவர்கள் புதைபடிவத்தை நினைத்துப் பறிக்கவில்லை. ஒரு காட்டில் என்ன இருக்கிறது என்று ஒழுங்காகப் பதிந்துவைத்தார்கள், அவ்வளவே. திருச்சி தூய வளனார் கல்லூரியில் உள்ள ராபினாட் ஹெர்பேரியத்தை வைத்துக்கொண்டுதான் அருட்தந்தை கே.எம். மேத்யூ தமிழ்நாட்டுச் சமவெளித் தாவரங்களின் பெருந்தொகுதியை எழுதினார். அத்தகைய இடங்களின் பயன் எந்தத் திசையிலிருந்து வந்து கதவைத் தட்டும் என்று முன்கூட்டிச் சொல்லிவிட முடியாது.

இந்தப் பூ சேர்ந்திருக்கும் பெருங்கிளையின் பெயர் ஆஸ்டெரிட். உருளைக்கிழங்கு, தக்காளி, கத்தரி, எள், துளசி, சூரியகாந்தி, காபி எல்லாம் அதில் அடக்கம். சுமார் 80,000 இனங்கள். பூக்கும் தாவரங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதற்குள்ளும் எட்டியின் நெருங்கிய சுற்றம் காபி, இட்லிப்பூ, அரளி, எருக்கு. இவ்வளவு பெரிய கூட்டத்துக்குக் கிடைத்துள்ள புதைபடிவங்களில் விதைகளும் மகரந்தமும் இலைகளுமே அதிகம், முழுப் பூ மிகக் குறைவு. அமெரிக்கக் கண்டத்து அம்பரில் முழு ஆஸ்டெரிட் பூ அடையாளம் காணப்பட்டது இதுவே முதல் முறை. வட, தென் அமெரிக்காக்களைப் பனாமா நிலப்பாலம் இணைத்தது சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன்புதான் என்பது பரவலான கணிப்பு. அதற்கு வெகு காலம் முன்பே எட்டியின் இனம் கரீபியனில் பூத்துக்கொண்டிருந்தது என்பதற்கு இரண்டு உதிர்ந்த பூக்கள் சாட்சி.

‘அழிந்த இனம்’ என்ற சொல்லைச் சற்று நிதானமாகத்தான் ஆள வேண்டும். இன்று அறிந்த எதனோடும் பொருந்தவில்லை என்பதே அதன் பொருள். 1941-ல் ஜப்பானியத் தாவரவியலாளர் ஷிகேரு மிக்கி புதைபடிவங்களை மட்டும் பார்த்து மெட்டாசெகோயா என்ற மரத்துக்குப் பெயர் வைத்தார். அதே பத்தாண்டில் சீனாவின் ஒரு பள்ளத்தாக்கில் அந்தப் பேரினத்தின் மரங்கள் உயிரோடு நின்றுகொண்டிருந்தது தெரியவந்தது. அது ஊசியிலை மரம், பூக்கும் தாவரம் அல்ல என்றாலும் எச்சரிக்கை பொதுவானது. கோடிக்கணக்கான ஆண்டு இடைவெளியில் ஒரே சிற்றினம் மாறாமல் நீடிப்பது மிக மிக அபூர்வம் என்பதால்தான் ஸ்டிரிக்னோஸ் எலெக்ட்ரியை அழிந்ததென்று துணிந்து சொல்கிறார்கள்.

அம்பர் என்றதும் டி.என்.ஏ. பற்றிய கேள்வி வராமல் போகாது. அதற்கும் பொய்னாருக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1982-ல் அவரும் ராபர்ட்டா ஹெஸ்ஸும் பால்டிக் அம்பரில் இருந்த ஓர் ஈயின் திசுவில் செல்லின் உள்ளமைப்புகள் தெரிவதாக ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். மைக்கேல் கிரைட்டனின் ‘ஜுராசிக் பார்க்’ நாவலுக்கு விதை போட்ட ஆய்வுகளில் அதுவும் ஒன்று. 1993 ஜூனில் படம் திரைக்கு வந்தது. அதே மாதம் ‘நேச்சர்’ இதழில், அழிந்துபோன ஹைமனேயா புரோட்டேராவின் இலையிலிருந்தே டி.என்.ஏ. எடுத்ததாகப் பொய்னார் குழுவின் அறிவிப்பு வெளியானது. அது நிலைக்கவில்லை. 1997-ல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகக் குழு அம்பர் பூச்சிகளில் கவனமாக முயன்றும் பழைய டி.என்.ஏ. எதையும் பெற முடியவில்லை. 2013-ல் மான்செஸ்டர் ஆய்வாளர்கள் அம்பரைவிட மிக இளைய கோபாலில் சிக்கிய தேனீக்களிலும் தேடினார்கள், அதிலும் நம்பகமாக எதுவும் இல்லை. நியூசிலாந்தின் அழிந்துபோன மோவா பறவை எலும்புகளை ஆராய்ந்தவர்கள், அந்தச் சூழலில் டி.என்.ஏ. துண்டின் அரை ஆயுள் 521 ஆண்டுகள் என்று 2012-ல் கணக்கிட்டார்கள். கோடி ஆண்டுக் கணக்கோடு வைத்துப் பார்த்தால் மிச்சம் என்ன இருக்கும் என்று யாரும் ஊகிக்கலாம். எட்டிப் பூவின் கட்டுரையில் மரபணுவே இல்லை. அளவுகளும் மயிர்களுமே சாட்சியம். தொழில்நுட்பம் அங்கே தோற்ற இடத்தில் பழைய தாவரவியல் ஜெயித்திருக்கிறது.

பழைய தாவரவியலுக்கும் தவறு நேரும். அதைத் திருத்துவதும் அதே முறைதான். அம்பரில் கிடைத்த பூக்களிலேயே மிகப் பெரியது, 28 மில்லிமீட்டர் அகலம், பால்டிக் கரையில் கிடைத்தது. 1872-ல் ராபர்ட் காஸ்பாரி அதற்குத் தேயிலைக் குடும்பத்தில் இடம் கொடுத்து ஸ்டூவர்ட்டியா கோவலெவ்ஸ்கி என்று பெயரிட்டார். 150 ஆண்டுகள் அது அப்படியே இருந்தது. ஏவா-மரியா சடோவ்ஸ்கி, கிறிஸ்டா-சார்லோட் ஹோஃப்மன் என்ற இருவர் அந்தக் கட்டியின் மேற்பரப்பில் வெளித்தெரிந்த மகரந்தத்தை மிகச் சிறிதளவு, அறுவைக்கத்தி முனையால் சுரண்டி எடுத்து மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். மகரந்தத் தூளின் வடிவம் தேயிலை உறவைக் காட்டவில்லை, சிம்ப்ளோகாஸ் பேரினத்தைக் காட்டியது. 2023 ஜனவரியில் பெயரை மாற்றினார்கள். சுமார் 3.4 முதல் 3.8 கோடி ஆண்டுகளுக்கு முன் பால்டிக் கரையில் பூத்த அந்தப் பேரினத்தின் மரங்கள் இன்று ஐரோப்பாவில் இயற்கையாக இல்லை. நம் நீலகிரிச் சோலைக்காடுகளில் இருக்கின்றன.

ஸ்டிரிக்னோஸ் எலெக்ட்ரி பத்தாண்டுகளாகத் தன் பெயரோடு இருக்கிறது. அதன் அடித்தளம் இன்னும் இரண்டே பூக்கள்தான். அது கொடியா மரமா என்பதைப் பூவால் சொல்ல முடியாது. இலை கிடைத்தால், அடியிலிருந்து இணைந்தே கிளம்பி நுனிவரை ஓடும் எட்டி இனத்துக்கே உரிய நரம்புகள் அதிலும் இருக்கின்றனவா என்று பார்த்துவிடலாம். வடக்கு மலைத்தொடரில் குடைவுகள் தொடர்கின்றன. ஏற்கெனவே வெளிவந்த டொமினிகன் அம்பரிலேயே, பூச்சிகளைத் தேடியவர்கள் ஓரமாக எடுத்துவைத்த தாவரத் துணுக்குகள் அருங்காட்சியக இழுப்பறைகளில் நிறைய உண்டு. அவற்றை எடுத்து உலர்தாள்களோடு வைத்துப் பார்க்க லொகேனியேசியை அறிந்த கண்கள் வேண்டும். அப்படிப்பட்ட தாவர வகைப்பாட்டாளர்கள் உலகில் மிகச் சிலரே.